ஜெட் ஸ்கிக்கு முட்டுக் கொடுத்த கதை

செஞ்சிக்காரனுக்கும் ஜெட் ஸ்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான் மக்களே. எங்க ஊர்ல தண்ணின்னா கோட்டைக்குள்ள இருக்கற செட்டிக்குளமும் சக்கரக்குளமும்தான். கடலைப் பார்க்கணும்னா திண்டிவனம் தாண்டி மரக்காணமோ புதுச்சேரியோ போகணும். 2025 ஜூலையில கோட்டையை யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்ல சேர்த்தாங்க. ஒருவேளை அதுக்கு அப்புறம் குளத்துல போட் விட்டாலும் விடுவாங்க, ஜெட் ஸ்கி விட மாட்டாங்க :-)

ஆனா உம் அல் குவைன் காயல்ல இன்னிக்கு ஓடிட்டு இருக்கற ஒரு நின்னு ஓட்டற ஜெட் ஸ்கியோட முக்கியமான பாகம் ஒண்ணு, செஞ்சி - திருவண்ணாமலை ரோட்டுல இருக்கற ஒரு வெல்டிங் பட்டறையில செஞ்சது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நட்டு போல்ட்டு எல்லாம் வரும், பொறுத்துக்கோங்க. மெக்கானிக்கல் படிச்சிட்டு துபாய்ல பொட்டி தட்டறவன், படிச்சதைச் சொல்ல வேற எங்க வாய்ப்பு கிடைக்கும்?

முதல்ல ஒரு விளக்கம். ஜெட் ஸ்கின்னதும் நம்ம கண்ணுக்கு வர்றது கோவா பீச்சுல ஆளை உக்கார வச்சு ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வருவாங்களே, அந்த வண்டி. தண்ணியில ஓடற ஸ்கூட்டர். நான் சொல்றது அது இல்ல. இதுல சீட்டே கிடையாது. பின்னாடி ஒரு தட்டு மாதிரி பள்ளம், அதுல நின்னுக்கணும். முன்னாடி மூக்குல இருந்து ஒரு நீளமான கம்பு பின்பக்கமா வரும். அந்தக் கம்போட நுனியில ஹேண்டில் பார். கம்பு மூக்குல கீல் போட்டு மாட்டியிருக்கறதால மேலயும் கீழயும் ஆடும். குனிஞ்சா கூட வரும், நிமிர்ந்தா கூட வரும். பிடிச்சிக்க வேற எதுவும் கிடையாது.

இதைக் கண்டுபிடிச்சவர் கிளேட்டன் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்கர். மோட்டோகிராஸ் பைக் ஓட்டறவர். பைக்ல இருந்து மண்ணுல விழுந்து அடிபடறதுக்கு பதிலா தண்ணியில விழுந்தா என்னன்னு யோசிச்ச மனுஷன். 1965ல அவர் முடிச்ச முதல் மாதிரி வண்டி அலுமினியத்துல செஞ்சது. அதுல ஹேண்டில் கம்பு ஆடாது, செங்குத்தா நட்டு வச்சது. அடுத்த வருஷம் செஞ்சது ஃபைபர். 1968ல பாம்பார்டியர் கம்பெனி அவரோட சேர்ந்து உக்கார்ந்து ஓட்டற மாதிரி ஒண்ணு விட்டுப் பார்த்தாங்க. நின்னு ஓட்டறது 1973ல கவாசாகி மூலமா வந்தது. ஜெட் ஸ்கிங்கறதே அவங்க வச்ச பேருதான், நம்ம ஊர்ல ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பேரா ஆயிடுச்சு. யமஹா 1990ல சூப்பர்ஜெட்டோட வந்தாங்க. நட்டு வச்ச கம்பு கீல் போட்ட கம்பா மாறினதுலதான் இந்த விளையாட்டே இருக்கு. அந்தக் கீல்லதான் எங்க தலைவலியும் ஆரம்பம்.

எங்க ரூம்மேட் (நெல்லைக்காரன், தாமிரபரணியில நீந்தி வளர்ந்தவன், தண்ணின்னா சொந்த வூடு மாதிரி) செகண்ட் ஹேண்ட்ல ஒரு நிக்கற வண்டி வாங்கினான். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. பதினைஞ்சு வருஷத்துக்கு மேல உப்புத் தண்ணியில ஊறி, நாலு கை மாறி வந்த வண்டிக்கு கம்பெனியைக் குத்தம் சொல்றது அநியாயம். பெயின்ட் மட்டும் பளபளன்னு இருந்தது. பளபளன்னு இருந்தாலே உஷாராகணும்ங்கறது வேற விஷயம்.

மூணாவது வாரம். வேகமா வந்து இடது பக்கம் ஒடிச்சுத் திருப்பறான், கம்பு அவன் கூட வராம ஒரு பக்கமா லொடக்குனு சாஞ்சது. ஹேண்டில் பார் முனை தாடையில. நாலு தையல், ஒரு பல்லு ஆட்டம். லைஃப் ஜாக்கெட்டும், கையில கட்டியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் ஆஃப் ஆனதும்தான் காப்பாத்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஊர்ல இருக்கற அவன் மனைவி வீடியோ காலில் என்னைத்தான் கேட்டாங்க, "அண்ணா, நீங்க இன்ஜினியர்தானே, அதை வித்துடச் சொல்லக்கூடாதா?" இவன் விக்கறதா இல்லை. அப்போ அதைச் சரியாப் பண்ணித் தர்றது தவிர வேற வழியில்லன்னு ஆயிடுச்சு. சும்மா ஒட்டுப் போட்டா அடுத்த தடவை நாலு தையலோட போகாது.

கழட்டிப் பார்த்தோம். கம்பைப் பிடிச்சிருக்கற பிராக்கெட் வார்ப்பு அலுமினியம். ரெண்டு காது, நடுவுல ஒரு பின். நாலு போல்ட்ல வண்டியோட மூக்குல முடுக்கியிருக்கு. ஒரு காதுக்கு அடியில முடி மாதிரி விரிசல். பின்னைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் புஷ் முட்டை வடிவத்துல தேய்ஞ்சு போயிருந்தது. அதைவிட மோசம், போல்ட் ஓட்டைகளைச் சுத்தி ஃபைபர் நொறுங்கி, யாரோ முன்னாடி வச்சிருந்தவர் அதுல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சு வச்சிருக்கார். சுவத்துக்கு வெள்ளையடிக்கற மாதிரி.

இங்கதான் படிச்ச படிப்பு கொஞ்சம் வேலைக்கு ஆச்சு. பார்க்கறவங்க எல்லாம் சொல்றது, கம்பைத் தூக்கித் தூக்கி இழுக்கறதால பிராக்கெட் பிச்சிக்குதுன்னு. இல்ல. மேலயும் கீழயும் போற திசையில அது கீல். கதவைத் திறந்து மூடினா நிலைக்கு என்ன வலிக்கும்? கம்பு போய் முட்டி நிக்கற இடம் வரைக்கும் அந்தத் திசையில பெருசா பளு இல்ல. கொல்றது பக்கவாட்டு. ஓட்டறவன் திரும்பும்போது உடம்பைச் சாய்ச்சு மொத்த எடையையும் கம்புல ஒரு பக்கமா போடறான். கீல் அந்தப் பக்கம் மடங்காது. எல்லாத்தையும் பிராக்கெட்தான் வாங்கிக்கணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். கம்பு தூக்கியிருக்கும்போது ஹேண்டில் மூக்கு மட்டத்துல இருந்து 60 செ.மீ. உயரம்னு வைங்க. பக்கவாட்டுல 50 கிலோ இழுப்பு. வலது இடது போல்ட்டுக்கு நடுவுல இடைவெளி 10 செ.மீ. 50ஐ 60ஆல பெருக்கி 10ஆல வகுத்தா 300. அதாவது இவன் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் இன்னொரு பக்கத்து ரெண்டு போல்ட்டும் சேர்ந்து 300 கிலோவை இழுத்துப் பிடிக்குது. போல்ட்டுக்கு இது தூசு. போல்ட் தலைக்கு அடியில இருக்கற சின்ன வாஷர் அளவு ஃபைபருக்கு? அதுவும் புஷ் தேய்ஞ்சு இடைவெளி வந்தாச்சுன்னா இழுப்பு கிடையாது, சுத்தியல் அடி. ஒவ்வொரு அலைக்கும் ஒரு அடி.

நிற்க.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சோம். எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: கொண்டா, அலுமினியம் வெல்டு அடிச்சு விரிசலை மூடித் தர்றேன், அரை மணி நேர வேலை. எனக்கு மனசு ஒப்பல. அந்த நேரம் பார்த்து எனக்கு ஊருக்கு லீவு வந்தது. அந்த உடைஞ்ச பிராக்கெட்டையும், மூக்கோட அளவை அட்டையில வெட்டி எடுத்ததையும் பெட்டியில போட்டுக்கிட்டேன். அம்மாவுக்கு பாதாம், அப்பாவுக்கு தைலம், மாமாவுக்கு உடைஞ்ச அலுமினியம்.

மாமா அம்மாவோட தம்பி. முப்பது வருஷமா பட்டறை. கேட், கிரில் எல்லாம் செய்வார், ஆனா முக்கால்வாசி வேலை விவசாயம்தான். செஞ்சி சுத்துவட்டாரம் நெல்லு, மணிலா, கரும்பு. டிராக்டர் கொக்கி, கலப்பைக் கொழு, அப்புறம் பவர் டில்லர். டில்லர் பார்த்திருப்பீங்க. ரெண்டு சக்கரம், பின்னாடி நீளமா ரெண்டு கைப்பிடி, அதைப் பிடிச்சிட்டு சேத்துல பின்னாலயே நடக்கணும். வரப்பு ஓரத்துல திருப்பும்போது அந்தக் கைப்பிடியைத் தூக்கி ஒரு பக்கமா தள்ளித்தான் வண்டியைத் திருப்புவாங்க. சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை! அதனால கைப்பிடி கியர் பாக்ஸோட சேர்ற இடத்துல விரிசல் விடும். மாமா பட்டறைக்கு வர்ற டில்லர் எல்லாம் அந்த ஒரே இடத்து வியாதிக்காரங்கதான்.

பிராக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன்ல வீடியோ காட்டினேன்.

"இன்னா மாப்ள இது, மேழி மாதிரி இருக்குது. ஏர் முன்னால இருக்குது, மாடு எங்க?"

"எஞ்சின் கீழ இருக்கு மாமா. தண்ணியைப் பின்னாடி பீச்சி அடிக்கும்."

"அது சரி. ஆளு இத்தைத்தான் புடிச்சிக்கினு நிக்கறானா? வேற புடி இல்லையா?"

இல்லன்னேன். பிராக்கெட்டை மேசை மேல வச்சிட்டார். "நான் இத்த வெல்டு வெக்க மாட்டேன்."

அலுமினியத்துக்கு வேற மிஷின் வேணும், அது அவர்கிட்ட இல்ல, அதனால சொல்றார்னு நினைச்சேன். விழுப்புரத்துல தெரிஞ்சவர்கிட்ட அந்த மிஷின் இருக்காம். ஆனா காரணம் அது இல்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிரெய்லர் கொக்கி விரிசல்னு வந்தது. அவசரம், கரும்பு லோடு நிக்குதுன்னு கெஞ்சினாங்க. மேலால வெல்டு ஓட்டிக் கொடுத்துட்டார். பத்து நாள் கழிச்சு ஒரு மேட்டுல ஏறும்போது கொக்கி விட்டுப் போச்சு. டிரெய்லர் பின்னால உருண்டது. பின்னாடி நடந்து வந்த ஒரு ஆளுக்கு முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. அந்த ஆள் இன்னிக்கும் செஞ்சி சந்தைக்கு வருவாராம். மாமாவைப் பார்த்தா நல்லாத்தான் பேசுவாராம். "அவரு திட்டியிருந்தா தேவலாம் மாப்ள"ன்னார். எங்க குடும்பத்துல யாருக்கும் இது தெரியாது. எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுல இருந்து ஒரு வழக்கம் வச்சிருக்கார். கேட், ஷெட்டுன்னா எதை வேணா ஒட்டுவார். ஆள் உயிர் தொங்கற பாகம்னா விரிசலை மூட மாட்டார். புதுசு வாங்கு, அதைத் தாங்கற இடத்தை நான் பலப்படுத்தித் தர்றேன்னு சொல்லிடுவார். இதனால போற கஸ்டமர் போகட்டும்னு விட்டுடுவார். சரியான முடிவுன்னுதான் நானும் சொல்வேன். வார்ப்பு அலுமினியத்துல விரிசலோட முனை எங்க நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. வெல்டு சூடு பட்ட ஓரம் வேற பலம் இழக்கும். உப்பு குடிச்ச பழைய வார்ப்புன்னா உள்ள காத்துக் குமிழி வேற. பிராக்கெட் புதுசு ஆர்டர் போட்டாச்சு, காசு போனா போகுது. உடைஞ்சது அளவு பார்க்க மட்டும்.

அப்புறம் ஆரம்பிச்சது எங்க சண்டை.

என் திட்டம்: பிராக்கெட்டை நேரா ஃபைபர் மேல உக்கார வைக்கக்கூடாது. நடுவுல ஒரு அகலமான எஸ்.எஸ். பிளேட். பிராக்கெட் பிளேட்ல, பிளேட் வண்டியில. பிளேட்டை வண்டியில பிடிக்கற போல்ட்டை 10 செ.மீ.க்கு பதிலா 15 செ.மீ. தள்ளி வச்சா அந்த 300 கிலோ 200 ஆயிடும். பைசா செலவில்லாம மூணுல ஒரு பங்கு குறையுது. உள்பக்கம் வாஷருக்கு பதிலா இன்னொரு மெல்லிசான பிளேட், இழுப்பு ஒரு புள்ளியில விழாம பரவறதுக்கு. மாமாவுக்கு இதெல்லாம் ஓகே. ஆனா மேல் பிளேட் 10 எம்.எம். கனம் போடணும்னார். நான் 6 போதும்ன்னேன்.

ஏன்னா விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 6ல இருந்து 10க்குப் போனா விறைப்பு நாலரை மடங்கு. அவ்வளவு விறைப்பான பிளேட் மெல்லிசான ஃபைபர் மேல உக்கார்ந்தா, பிளேட் வளையாது, ஃபைபர் வளையும். எங்க வளையும்? பிளேட் முடியற ஓரத்துல. அங்க நேர்கோடா ஒரு விரிசல் வரும். கம்பு பிராக்கெட்டோட பிச்சிக்கறதுக்கு பதிலா பிளேட்டோட பிச்சிக்கும், இன்னும் பெரிய துண்டா. 20க்கு 15 செ.மீ. பிளேட் 6 எம்.எம்.ல ஒன்றரைக் கிலோ, 10ல ரெண்டரைக் கிலோ கிட்ட. மூக்குல எடை ஏறினா வண்டி அலையைக் குத்தும்.

மாமா இதைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் ஓரத்துல கிடந்த ஒரு டில்லர் கைப்பிடியைத் தூக்கிட்டு வந்தார். பழைய வேலை, வேற யாரோ செஞ்சது. விரிசல் விட்ட இடத்துல கனமான பட்டை வச்சு சுத்தி வெல்டு அடிச்சிருந்தாங்க. பட்டை அப்படியே இருக்கு. பட்டை முடிஞ்சு வெறும் பைப் ஆரம்பிக்கற இடத்துல, கத்தி வச்சு வெட்டின மாதிரி பைப் ஒடிஞ்சிருந்தது.

"நீ சொல்றது இதானே?"

இதேதான்!

"இதுக்குத்தான் நாங்க பட்டைய நேரா முடிக்க மாட்டோம். மீன் வாய் மாதிரி வெட்டுவோம். பைப்புக்குக் குறுக்கால வெல்டு ஓட விட மாட்டோம், வாட்டத்துல ஓடணும். பலம் கொஞ்சம் கொஞ்சமா கொறையணும். டக்குனு நின்னா அங்க ஒடையும்."

நாலு வருஷம் படிப்புல ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்னு ஒரு பாடம் முழுக்க நடத்தினாங்க. அதுல வராத வார்த்தை இந்த மீன் வாய். ஆனா ஒண்ணு, மும்மடிக் கணக்கு இல்லாம அவர் 10 எம்.எம்.மை விட்டுக் கொடுத்திருக்க மாட்டார், அதையும் சொல்லிடறேன். உடனே "பட்டறைதான் பல்கலைக்கழகம்"னு பின்னூட்டம் போட வேண்டாம்.

ஆக 6 எம்.எம்., பின் ஓரம் மீன் வாய் மாதிரி வளைவா வெட்டி, கடைசி ரெண்டு செ.மீ. சரிவா இழைச்சு மெல்லிசாக்கறது. மூலை எதுவும் கூரா இருக்கக்கூடாது. இதுக்கே ரெண்டு நாள். கடல் தண்ணிக்கு 316 கிரேடு எஸ்.எஸ். வேணும். சாதாரணமா கிடைக்கற 304ல உப்பு பட்டா புள்ளிப் புள்ளியா அரிக்கும். புதுச்சேரியில சொல்லி வச்சு வாங்கினோம். கிரைண்டர்ல வெட்டும்போது பொறி பறக்குது, அத்தை மாடியில இருந்து துணியை எடுக்கச் சொல்லி சத்தம் போடறாங்க. ட்ரில் போடறதுதான் வேடிக்கை. எஸ்.எஸ்.ல மெதுவா சுத்தணும், ஆனா அழுத்தி விடாம போகணும். நடுவுல நிறுத்தித் தேய்ச்சா அந்த இடம் இறுகிப் போய் பிட்டு ஏறாது. மாமா பாஷையில, "எஸ்.எஸ்.ல ஓட்ட போடும்போது நின்னு யோசிக்கக் கூடாது, யோசிச்சிட்டு வந்து நிக்கணும்."

புஷ் தனிக்கதை. பக்கத்து லேத்ல நைலான் ராடு இருந்தது, பத்து நிமிஷத்துல கடைஞ்சு தர்றேன்னார். வேணாம்னு சொன்னதுல அவருக்கு வருத்தம். நைலான் தண்ணி குடிச்சு ஊதும். டில்லருக்குப் பரவாயில்ல. எந்நேரமும் தண்ணியில இருக்கறதுல புஷ் ஊதினா கம்பு இறுகிடும். சென்னை பாரிமுனையில இருந்து டெல்ரின் ராடு வரவழைச்சு அதையே அவர்கிட்ட கொடுத்துக் கடைஞ்சோம். பின் சொருகினப்போ விரலால தள்ளினா போகுது, ஆட்டினா ஆடல. அந்த லேத்காரர் முகத்துல வந்த சந்தோஷத்துக்கே தனியா காசு கொடுக்கலாம்.

காசுன்னதும் ஞாபகம் வருது. மாமா கூலியை முழுசா வாங்கிக்கிட்டார். மாப்பிள்ளைங்கறதுக்காக பத்து பைசா குறைக்கல. அம்மாவுக்குத்தான் கோபம்.

திரும்பும்போது சென்னை ஏர்போர்ட்ல பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. இது என்னன்னு கேட்டாங்க. ஜெட் ஸ்கியோட ஹேண்டில் மவுண்ட்டுக்கான அடாப்டர் பிளேட்னு சொன்னா விடிஞ்சிரும்னு, "மெஷின் பார்ட் சார்"ன்னேன். ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணிட்டு விட்டுட்டாங்க.

அடுத்து ஃபைபர். ஷார்ஜாவுல போட் ரிப்பேர் பண்ற இடத்துல ஒரு அண்ணன், மரக்காணம் பக்கத்துக் குப்பம். 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரையில கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் படகு பெருகினப்போ சின்னப் பையனா ரெசின் கலக்கக் கத்துக்கிட்டவர். படகுல பின்பக்கம் எஞ்சின் மாட்டற பலகை பிச்சிக்கறதும் இதே வியாதிதான்னார். செஞ்சின்னதும் "அட, நம்ம மாவட்டம்!"னு பாதி கூலி பேச்சு அங்கயே முடிஞ்சது. (மாமா கவனிக்கவும்.)

அவர் பழகினது பாலியஸ்டர் ரெசினும் மேட்டும். இந்த மாதிரி வண்டி சூட்டுல அச்சுல அழுத்திச் செய்யற ஃபைபர். அது மேல பாலியஸ்டர் சரியா பிடிக்காது, பிளேட்டு மாதிரி உரிஞ்சு வரும். எபாக்ஸிதான் வேணும். அதோட சாதா மேட்டும் ஆகாது. மேட்டுல நூலை ஒட்டி வச்சிருக்கற பசை பாலியஸ்டர்ல கரையற வகை, எபாக்ஸியில கரையாம விறைச்சு நிக்கும். நெய்த துணிதான் சரி. அண்ணனுக்கு இதுல கொஞ்சம் சந்தேகம்தான், ஆனா ஒரு ஓரத்துல சின்னதா ரெண்டையும் ஒட்டி மறுநாள் உளி வச்சு நெம்பிப் பார்த்துட்டு ஒத்துக்கிட்டார்.

பழைய பட்டி எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்தோம். நொறுங்கின இடம் நாம நினைச்சதை விட ரெண்டு மடங்கு. நல்ல ஃபைபர் வர்ற வரைக்கும் தேய்ச்சு, ஓரத்தைக் கிண்ணம் மாதிரி சரிவாக்கி, உள்ளயும் வெளியயும் துணி. முதல் துணி பெருசு, அடுத்தது ரெண்டு செ.மீ. சின்னது, அதுக்கடுத்தது இன்னும் சின்னது. பலம் கொஞ்சம் கொஞ்சமா குறையணும்ல? ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்ல, ஆனா டில்லர் பட்டறையும் படகுப் பட்டறையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க. ஷார்ஜா வெயில்ல எபாக்ஸி கலந்த கிண்ணத்துலயே கொதிச்சு இறுகிடும், அதனால எல்லாம் விடியக்காலை நாலு மணி வேலை. மூக்குக்குள்ள கை போற இடம் ரொம்பக் குறுகல், என் கை போகல. அண்ணனோட உதவியாள் பையன் ஒல்லி, அவன் கைதான் காப்பாத்துச்சு.

போல்ட் ஓட்டையை நேரா போடல. முதல்ல பெரிய ஓட்டை, அதை கெட்டியான எபாக்ஸியால அடைச்சு, அது இறுகினதும் நடுவுல சரியான அளவு ஓட்டை. தண்ணி ஃபைபருக்குள்ள இறங்காது, போல்ட் முடுக்கும்போது நசுங்காது. அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் உப்புத் தண்ணியில நேரா தொட்டுக்கிட்டா அலுமினியம் கரையும், அதனால நடுவுல சீலண்ட் படலம். நைலாக் நட். கடைசியா ஒவ்வொரு நட்டுல இருந்தும் பிளேட் வரைக்கும் மஞ்சள் மார்க்கர்ல ஒரு கோடு. நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

முதல் நாள் கரையிலயே வண்டியை மண்ணுல அமுக்கி வச்சு நாங்க ரெண்டு பேரும் கம்பைப் பக்கவாட்டுல தொங்கி இழுத்தோம். மொத்த வண்டியும் சாயுது, கம்பு சாயல. அப்புறம்தான் தண்ணியில விட்டான். அன்னிக்கு நான் கரையில நின்ன முக்கால் மணி நேரம் இருக்கே, புரொடக்ஷன்ல கோடு ஏத்திட்டு லாக் பார்த்துட்டு உக்கார்ந்திருக்கறது எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அஞ்சு மாசம் ஆச்சு. ஒவ்வொரு தடவை முடிச்சதும் கோட்டைப் பார்க்கறோம், நகரல. ரெண்டாவது மாசம் பிளேட்டுக்குப் பின்னாடி முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சு வயிறு கலங்கிடுச்சு. சுரண்டிப் பார்த்தா பெயின்ட் மட்டும்தான், காசால தட்டினா சத்தம் கணீர்னு இருக்கு. ஆனா அந்த இடத்துல ஒரு பென்சில் வட்டம் போட்டு தேதி எழுதி வச்சிருக்கேன். வேற எங்கயாவது போகும்னா அடுத்தது அங்கதான் போகும். அது வளர ஆரம்பிச்சா வண்டி கரை ஏறணும்னு ரூம்மேட்கிட்ட சொல்லியாச்சு, அவன் மனைவிகிட்டயும் சொல்லியாச்சு. ரெண்டாவது சொன்னதுதான் செல்லும் :-)

போன வாரம் அவன் குட்டிக்கரணம் அடிக்க முயற்சி பண்ணி மல்லாக்க விழுந்த வீடியோவை மாமாவுக்கு அனுப்பினேன். பிளேட்டைப் பத்தி ஏதாவது சொல்வார்னு பார்த்தேன். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பிளேட்டு நிக்குது, சரி. ஏன் மாப்ள, அந்தப் புள்ள இவ்ளோ கஷ்டப்பட்டு நிக்கறதுக்கு, ஒரு சீட்டு வெச்சிக் குடுத்துடட்டுமா?"